தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பையன்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதியது. படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியில ஆரம்பிக்கலாம். ஒரு பட்டுப்புடவையோட கரையில ஒரு மயில் இருக்கு. பக்கத்துல இன்னொரு மயில். அப்படியே புடவை முழுக்க அதே மயில், அதே அளவு, கழுத்துல அதே வளைவு. யாரும் அச்சு வைக்கலை, தூரிகையால வரையலை. நூலைத் தூக்கி, இறக்கி, நெஞ்சே வந்த மயில் அது. அப்படின்னா நெய்யறதுக்கு முன்னாடி அந்த மயில் எங்கே இருந்தது? நெசவாளர் தலைக்குள்ளயா? தறிக்குள்ளயா? வேற யாரோட கையிலயாவதா?

இந்த ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனா சீனா வரும், பிரான்ஸ் வரும், நிலாவுக்குப் போன ராக்கெட் வரும். கடைசியில ஐயம்பேட்டைக்கே திரும்பி வந்துடுவோம். போற வழியெல்லாம் ஒரு ஆள் நம்ம கூடவே வருவார். தறியில உட்கார்ந்திருக்கும் நெசவாளர் இல்லை, அவருக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கும் இன்னொருத்தர்.

முதல்ல ஊரைப் பத்தி ரெண்டு வரி. ஐயம்பேட்டை, காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், முத்தியால்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். கடையில 'காஞ்சிபுரம் பட்டு'ன்னு நீங்க வாங்கும் புடவை காஞ்சிபுரம் நகரத்துக்குள்ள மட்டும் நெய்யப்படுவதில்லை. எங்க ஊர் மாதிரி சுத்துப்பட்டு ஊர்களின் வீடுகளிலும் நெய்யறாங்க. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருது. ஜரிகைக்குப் பேர் போன ஊர் சூரத். மூலப்பொருள் எல்லாம் வெளியூர். அப்ப இந்தப் பக்கத்துக்குன்னு சொந்தமா இருக்கிறது என்ன? நெய்யும் முறை. எந்த நூலை, எப்போ, யார் தூக்கணும்ங்கற அறிவு. இந்த எபிசோடு முழுக்க அந்த அறிவைப் பத்தித்தான்.

ரெண்டு கால் போதாது

தறி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சவங்க ஒரு நிமிஷம் பொறுத்துக்கங்க.

நீளவாட்டில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. குறுக்கே போவது ஊடை. ஊடை நூலைச் சுமந்துக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவது நாடா. சாதாரணத் துணிக்கு ஒண்ணு விட்டு ஒண்ணா பாதிப் பாவு நூல்களைத் தூக்கணும், நடுவுல நாடாவை விடணும். அடுத்த முறை மீதிப் பாதியைத் தூக்கணும், நாடாவை விடணும். இதுக்கு ரெண்டு மிதி போதும், நெசவாளருக்கு இருக்கும் ரெண்டு காலும் போதும். நம்ம பாஷையில் சொன்னா பூஜ்யம், ஒண்ணு, பூஜ்யம், ஒண்ணு.

ஆனா பூ வேணும், மயில் வேணும், யாளி வேணும்னா கதை மாறுது. ஒவ்வொரு ஊடைக்கும் தூக்க வேண்டிய நூல்களின் பட்டியல் வேற. ஒரு மயில் முடிய நூறு ஊடை ஆகும்னு வெச்சுக்குவோம். அப்ப நூறு தனித்தனிப் பட்டியல். அதை வரிசை மாறாம ஞாபகம் வெச்சுக்கணும். அடுத்த மயிலுக்குத் திரும்பவும் முதல்லேர்ந்து அதே வரிசை. இதுக்கு ரெண்டு கால் போதாது. அங்கதான் ரெண்டாவது ஆள் வர்றார்.

1637-இல் சீனாவில் சோங் யிங்ஷிங் என்பவர் 'தியான்கோங் கைவு' என்று ஒரு நூல் வெளியிட்டார். விவசாயத்திலிருந்து உலோகம் உருக்குவது வரை அன்றைய தொழில்களைப் படத்தோடு விளக்கும் நூல். அதில் ஒரு பட்டுத்தறியின் படம் இருக்கு. தறியின் நடுவில் கோபுரம் மாதிரி ஒரு சட்டம். அது மேல ஒருத்தர் ஏறி உட்கார்ந்திருக்கார். அவர் மேலேயிருந்து கயிறுகளை இழுக்க, கீழே இருப்பவர் நாடாவை விடுறார். பூவின் வரிசை முழுக்க மேலே இருப்பவரின் கையில்.

பிரான்ஸில் லியோன் நகரத்துப் பட்டுத்தறிகளிலும் இதே ஏற்பாடுதான். அங்கே கயிறு இழுத்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்களும் இளம்பெண்களும். நாள் முழுக்கக் குனிஞ்சும் வளைஞ்சும் கனமான கயிறுகளை இழுக்கும் வேலை. பனாரஸில் டிசைனை நூலிலேயே கட்டி வைப்பதற்கு 'நக்ஷா'ன்னு பேர். அதைக் கட்டித் தருவதே ஒரு தனித் தொழில்.

காஞ்சிபுரத்தில் இதற்குப் பெயர் 'அடை'. இந்தச் சொல்லை இன்னைக்கு என் வயசு ஆட்கள்கிட்ட கேட்டா தோசைக்கல் பக்கம்தான் கை காட்டுவாங்க. தறியில் அடைன்னா டிசைனைப் பிடிச்சு வெச்சிருக்கும் நூல்கட்டு. தத்துவம் சுலபம். பாவு நூல்களோடு இணைந்த நூல்கள் ஒரு பக்கம். அவற்றுக்குக் குறுக்கே ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு நூல். அந்தக் குறுக்கு நூல் எதை வளைச்சுப் பிடிச்சிருக்கு, எதை விட்டுட்டுப் போகுது என்பதுதான் டிசைன். பக்கத்தில் இருப்பவர் அந்தக் குறுக்கு நூலைப் பிடிச்சு இழுத்தா, அது வளைச்சுப் பிடிச்ச பாவு நூல்கள் மட்டும் எழும்பும். நெசவாளர் நாடாவை விடுவார். அடுத்த குறுக்கு நூல். அடுத்த நாடா.

ஆக, ஆரம்பக் கேள்விக்கு முதல் பதில் கிடைச்சாச்சு. மயில் இருந்தது நூலுக்குள்ளேயே. அதை வரிசையா வெளியே எடுத்துக் கொடுத்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். காஞ்சிபுரம் பக்கத்தில் அது பெரும்பாலும் ஒரு சின்னப் பையன்.

லியோன்காரர் செஞ்ச வேலை

ஜோசப் மரி ஜக்கார்ட் 1752-இல் லியோனில் பிறந்தவர். அப்பா பட்டு நெசவாளர். ஜக்கார்டே சின்ன வயசுல தறியில் கயிறு இழுத்தார், அந்தக் கஷ்டம் தாங்காமத்தான் பிற்பாடு இயந்திரம் கண்டுபிடிச்சார்னு ஒரு கதை ரொம்ப நாளா உலாவுது. கதை கதையாவே இருக்கட்டும்.

அவருக்கு முன்னாடியே மூணு பேர் வழி போட்டிருந்தாங்க. 1725-இல் பசீல் பூஷோன் ஓட்டை போட்ட காகிதச் சுருளை வெச்சு நூல்களைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தார். 1728-இல் ஃபால்கோன் சுருளுக்குப் பதிலா தனித்தனி அட்டைகளைக் கொண்டு வந்தார். 1745-இல் வோகான்சோன் கயிறு இழுக்கும் ஆளே தேவைப்படாத தறியை முயன்று பார்த்தார். இந்த மூணையும் சேர்த்து, கடையில் விற்கும் அளவுக்கு உருப்படியான ஒரு கருவியை 1804-இல் ஜக்கார்ட் கொடுத்தார்.

தறி மேல ஒரு பெட்டி. அதுக்குள்ள வரிசையா கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியும் சில பாவு நூல்களைத் தூக்கும். கொக்கிகளோடு சேர்ந்த ஊசிகள் மேல ஒரு அட்டை வந்து அழுத்தும். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போயிடும், அந்தக் கொக்கி எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், கொக்கி எழும்பாது. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. மிதியை மிதிச்சா அடுத்த அட்டை வந்து நிக்கும். பக்கத்தில் ஆள் வேண்டாம்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பெட்டி காஞ்சிபுரம் பக்கமும் வந்து, அடையின் இடத்தைப் பிடித்தது. இன்னைக்கும் எங்க பக்கத்துத் தறிகளில் 'ஜக்கார்டு பெட்டி', 'அட்டை'ன்னுதான் பேச்சு. 120 கொக்கி, 240 கொக்கின்னு எண்ணிக்கையைச் சொல்லித்தான் பெட்டியைக் குறிப்பிடுவாங்க. டிசைனை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவாங்க. ஒரு கட்டம் ஒரு இடம்: நூல் மேலேயா, கீழேயா. அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவதும் ஒரு தனித் தொழில். அட்டைகளை வரிசை மாறாம நூலால் கோர்த்து, மாலை மாதிரி தறி மேல தொங்க விடுவாங்க.

கம்ப்யூட்டருக்குத் தாத்தாவா?

இந்த இடத்துல என் தொழில்காரங்க எல்லாருக்கும் ஒரு பெருமை பொங்கும். 'தறிதான் முதல் கம்ப்யூட்டர்'னு பதிவு போடுவாங்க. அது எவ்வளவு தூரம் சரின்னு பார்த்துடலாம்.

1839-இல் லியோனில் தீதியே பெத்தி நிறுவனத்துக்காகக் கார்க்கியா என்ற நெசவாளர் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார். போன்ஃபோன் வரைந்த ஓவியத்தைப் பார்த்து நெய்தது. அதுக்குத் தேவைப்பட்ட அட்டைகள் சுமார் 24,000. அதன் ஒரு பிரதி லண்டனில் சார்ல்ஸ் பாபேஜ் வீட்டில் இருந்தது. பார்க்க வந்தவங்க பலர் அதை உலோகத் தகட்டில் செதுக்கி அச்செடுத்த படம்னு நினைச்சாங்க, அவ்வளவு நுணுக்கம். தான் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு ஜக்கார்டு அட்டையையே பாபேஜ் எடுத்துக்கிட்டார். 1843-இல் அந்த இயந்திரத்தைப் பற்றிக் குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேஸும் இந்தத் தறியோடு ஒப்பிட்டுத்தான் அதை விளக்கினார். இதுவரைக்கும் உண்மை.

ஆனா ஒரு எஞ்சினியரா சொல்றேன், ஜக்கார்டு அட்டைக்கட்டு புரோகிராம் கிடையாது, அது ஒரு படக் கோப்பு. கட்டம் கட்டமா எது மேலே, எது கீழே, அவ்வளவுதான். 'இப்படி இருந்தா இதைச் செய், இல்லைன்னா அதைச் செய்'னு அது முடிவெடுக்காது. அந்த யோசனையைச் சேர்த்தவர் பாபேஜ். அவர் இயந்திரமும் அவர் காலத்தில் முழுசா கட்டி முடிக்கப்படலை. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஓட்டை அட்டையைப் பயன்படுத்திய ஹெர்மன் ஹாலரித், ரயிலில் டிக்கெட்டில் கண்டக்டர் ஓட்டை போடுவதைப் பார்த்து யோசனை வந்ததாச் சொல்லியிருக்கார். அவருடைய நிறுவனம் வேறு சிலவற்றோடு சேர்ந்து பிறகு ஐபிஎம் ஆனது. ஆக, தறியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் கோடு இருக்கு. ஆனா அது நேர்க்கோடு இல்லை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு உள்ளூர் விஷயம். 1973-இல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370 வந்தது. மாணவர்கள் ஓட்டை போட்ட அட்டைக்கட்டைத் தூக்கிக்கிட்டுப் போய் வரிசையில் நின்னாங்க. கட்டு கீழே விழுந்து வரிசை கலைஞ்சா அன்னைக்கு வேலை போச்சு. அதே நாட்களில், அங்கேயிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில் காஞ்சிபுரம் பக்கத்துத் தறிகளிலும் ஓட்டை போட்ட அட்டை ஓடிக்கிட்டிருந்தது. இங்கே அட்டைகளை நூலில் கோர்த்திருந்ததால் கீழே விழுந்தாலும் வரிசை மாறாது!

நிலாவுக்குப் போன நெசவு

அட்டை வந்ததும் அடை பழசாப் போச்சுன்னு நினைப்போம். ஆனா நூலில் தகவலைக் கட்டி வைக்கும் யோசனை திரும்பவும் எங்கே வந்தது தெரியுமா? அப்போலோ விண்கலத்தில்.

1960களில் அந்தக் கம்ப்யூட்டருக்கான நிரந்தர மெமரியைக் கையால் நெய்தாங்க. சின்னச் சின்னக் காந்த வளையங்கள், அவற்றின் வழியாச் செல்லும் மெல்லிய கம்பி. கம்பி வளையத்துக்குள்ளே புகுந்து போனா ஒண்ணு, வெளியே சுத்திப் போனா பூஜ்யம். அமெரிக்காவின் வால்தம் ஊரில் ரேத்தியான் நிறுவனத்தின் தொழிற்சாலையில் பெண்கள் உட்கார்ந்து இதைக் கோர்த்தாங்க. எஞ்சினியர்கள் விளையாட்டா இதுக்கு 'பாட்டி மெமரி' என்ற அர்த்தத்தில் ஒரு பேர் வெச்சிருந்தாங்க. ஒரு முறை கோர்த்தபின் மாற்றுவது பெரும்பாடு. அதனால் புறப்படுவதற்குப் பல மாதங்கள் முன்னாடியே புரோகிராமை முடிச்சுக் கொடுத்தாகணும். 1969-இல் நிலாவில் இறங்கியபோது வழிகாட்டியது அந்தக் கம்பி நெசவுதான்.

அடையும் இதே ஜாதிதான். குறுக்கு நூல் வளைச்சுப் பிடிச்சா ஒண்ணு, விட்டுட்டுப் போனா பூஜ்யம். ரெண்டுக்கும் பொதுவா இன்னொண்ணும் இருக்கு. அந்தப் பெண்களின் கைவேலையைப் பத்தின பேச்சு வர ரொம்ப வருஷம் ஆச்சு. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவங்களும் அப்படித்தான், டிசைன் வரலாற்றில் அவங்க பேர் வர்றதில்லை.

பையன் போகலை

சரி, ஜக்கார்டு பெட்டி வந்துடுச்சு, கயிறு இழுக்கும் ஆள் வேண்டாம். லியோனில் கதை அதோட முடிஞ்சிருக்கலாம். காஞ்சிபுரத்தில் முடியலை. இங்கே ரெண்டாவது ஆளுக்கு இன்னொரு வேலை இருந்தது. அதுதான் கோர்வை.

காஞ்சிபுரம் புடவையின் அடையாளம்னு எதைச் சொல்வீங்க? பச்சை உடலுக்கு அரக்குக் கரை. ரெண்டும் சேரும் இடத்தில் நிறம் கலங்காம, பச்சை பச்சையாவே நின்னு, அரக்கு அரக்காவே தொடங்கும். அதுக்குக் காரணம், உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடான்னு மொத்தம் மூணு நாடா. உடலின் ஊடை கரையின் எல்லை வரை வரும். கரையின் ஊடையும் அங்கே வரும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு அவரவர் பக்கம் திரும்பிப் போகும். இப்படி ஒவ்வொரு ஊடைக்கும். அந்தச் சேர்க்கையையே அழகாக்கி, பல் பல்லா எழும்பும் தாழம்பூ ரேக்கு மாதிரியான வடிவங்களைச் செஞ்சாங்க. முந்தியில் இன்னொரு படி இருக்கு. உடலின் பாவோடு வேறு நிறப் பாவை இழை இழையா இணைப்பாங்க. அதுக்குப் பேர் பேட்னி.

ஜக்கார்டு பெட்டிக்குத் தெரிஞ்சது 'எந்த நூலைத் தூக்கணும்' என்பது மட்டும். கோர்வை கேட்பது 'எந்த நாடா எங்கே நின்னு, யாரோடு பின்னிக்கிட்டு, எப்படித் திரும்பணும்' என்பது. தறியின் ஒரு பக்கம் நெசவாளர் ரெண்டு நாடாவைப் பார்த்துக்குவார். இன்னொரு பக்கக் கரை நாடாவைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்.

அந்த இடத்தில்தான் பையன் தொடர்ந்து உட்கார்ந்தான். பல வீடுகளில் பொண்ணும் உட்கார்ந்தது.

சொந்த வீட்டுத் தறியா இருந்தா அம்மா அப்பாவுக்கு உதவின்னு பேர். வேற வீட்டுத் தறியா இருந்தா முன்பணம். பெத்தவங்க ஒரு தொகை வாங்கியிருப்பாங்க, அது தீரும் வரை பிள்ளை அந்தத் தறியை விட்டுப் போக முடியாது. கிடைக்கும் கூலியில் கடன் சுலபமாத் தீராது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. அதுக்கப்புறமும், 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டபோது, அதில் காஞ்சிபுரம் இருந்தது. உலகமே கொண்டாடும் ஒரு கைவினைப் பொருளின் பேர், அதே சமயத்தில் அந்த மாதிரி ஒரு அறிக்கையிலும்.

பிரியதர்ஷன் இயக்கி பிரகாஷ்ராஜ் நடித்த 'காஞ்சிவரம்' படத்தைப் பார்த்தவங்களுக்கு, பட்டு நெய்தவன் வீட்டில் பட்டு இல்லைங்கற வலி மனசுல நிக்கும். நியாயமான வலி. அதோட இந்தப் பக்கத்து இடத்தையும் சேர்த்து நினைச்சுப் பாருங்க. நெய்தவருக்குக் குறைஞ்ச கூலி. பக்கத்தில் இருந்த பிள்ளைக்குப் பல நேரம் கூலியே இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை.

அப்புறம் நிலைமை மாறியது. அரசின் சோதனைகள், சிறப்புப் பள்ளிகள், தொண்டு அமைப்புகளின் வேலை, எல்லாத்துக்கும் மேல தன் பிள்ளை தறிக்குழியில் இறங்கக் கூடாதுன்னு பெத்தவங்களே எடுத்த முடிவு. இன்னைக்கு எங்க பக்கத்துப் பிள்ளைங்க காலேஜுக்குப் போறாங்க, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறுறாங்க. என் மாதிரி சிலர் கீபோர்டைத் தட்டுறாங்க.

இது நல்ல விஷயம். இதில் எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. ஆனா இதனால் ஒரு கணக்கு வெளியே வந்தது. கோர்வைப் புடவைக்குத் தறியில் ரெண்டு பேர் வேணும். முன்னாடி ஒருத்தருக்கு மட்டும்தான் சரியான கூலி போச்சு. இப்ப ரெண்டு பெரியவங்க உட்காரணும், பெரும்பாலும் கணவனும் மனைவியும். டிசைனைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், ஒரு மாசமும் ஆகும். ரெண்டு பேரின் நாட்களையும் ஒழுங்கா விலையில் சேர்த்தா, கடையில் வாங்குபவர் 'ஏன் இவ்வளவு?'ங்கறார். சேர்க்கலைன்னா நெசவாளர் கோர்வையை விட்டுட்டு, ஒரே ஆள் நெய்யக்கூடிய புடவைக்கு மாறிடுறார். பல தறிகளில் நடந்தது ரெண்டாவது. ஒரே ஆளே கோர்வை போட உதவும் இணைப்புக் கருவிகளும் வந்திருக்கு. ஜக்கார்ட் 1804-இல் எழுப்பிய அதே கேள்வியை இங்கே இப்பத்தான் தீர்த்துக்கிட்டிருக்காங்கன்னு சொல்லலாம்.

டிசைன் யாருடையது?

கடைசியா ஒண்ணு. டிசைன் நூலிலிருந்து அட்டைக்கு, அட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போன கதையில், ஒவ்வொரு படியிலும் அதைப் பிரதி எடுப்பது சுலபமாச்சு.

அடை தறியோடவே இருப்பது. வேறொரு தறிக்கு வேணும்னா திரும்பவும் உட்கார்ந்து கட்டணும். அட்டைக்கட்டைக் கழற்றி இன்னொரு தறியில் மாட்டலாம், அதைப் பார்த்து இன்னொரு செட் வெட்டலாம். கம்ப்யூட்டர் ஃபைலை ஒரே நொடியில் அனுப்பலாம், அது எந்த ஊர் எலக்ட்ரானிக் ஜக்கார்டிலும் ஓடும். பிரதி சுலபமானதும் டிசைனின் சொந்தக்காரர் மாறிட்டார். இன்னைக்குப் பெரும்பாலான நெசவாளர்கள் கூலி நெசவாளர்கள். பட்டு, ஜரிகை, டிசைன் மூணும் கொடுப்பவருடையது. தறியும் உழைப்பும் நெசவாளருடையது.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. லியோனிலும் தறி நெசவாளருடையது, பட்டும் டிசைனும் வியாபாரியுடையது. 1831-இல் அங்கே நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து சில நாட்கள் நகரத்தையே கையில் வெச்சிருந்தாங்க. பலர் அது இயந்திரத்துக்கு எதிரான சண்டைன்னு நினைக்கிறாங்க. உண்மையில் சண்டை நெசவுக் கூலிக்குக் குறைந்தபட்ச விகிதம் வேணும்னு. பேசி முடிவான விகிதத்தை வியாபாரிகள் பலர் ஏத்துக்க மறுத்ததுதான் தீப்பொறி.

இங்கே பாதுகாப்புக்குச் சில ஏற்பாடுகள் இருக்கு. 1985-இல் கைத்தறிக்குன்னு சில ரகங்களை ஒதுக்கும் சட்டம் வந்தது. முதலில் 22 ரகம், பிறகு 11 ஆகக் குறைஞ்சது. 2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காப்பாத்தும். பக்கத்தில் உட்காருபவருக்குக் கூலி வாங்கித் தரும் வேலை அதுக்குக் கிடையாது. கூட்டுறவுச் சங்கங்கள் கூலியை ஓரளவு நிலைநிறுத்துது, ஆனா எல்லாத் தறியும் சங்கத்தில் இல்லை.

2008-இல் சென்னை சில்க்ஸ் நிறுவனம் ராஜா ரவிவர்மாவின் 11 ஓவியங்களைப் பட்டில் நெய்து ஒரு புடவை வெளியிட்டது. சுமார் 39 லட்சம் ரூபாய், உலகிலேயே விலை உயர்ந்த பட்டுப்புடவைன்னு கின்னஸில் ஏறியது. 1839-இன் ஜக்கார்ட் உருவப்படத்துக்குத் தமிழ்நாட்டுத் தங்கச்சின்னு வெச்சுக்கலாம். லியோன் படத்தில் ஓவியர் பேர், நிறுவனத்தின் பேர், நெய்தவர் பேர் மூணும் நமக்குத் தெரியும். ரவிவர்மா புடவையைப் பத்திப் பேசும்போது முதல் ரெண்டுதான் வாயில் வருது.

புடவையைத் திருப்பிப் பாருங்க

இதைக் கேட்டுட்டு என்ன செய்யலாம்? வீட்டில் இருக்கும் பட்டுப்புடவையை எடுங்க. உடலும் கரையும் சேரும் இடத்தைத் திருப்பி உள்பக்கம் பாருங்க. ரெண்டு நிற ஊடையும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு, பல் பல்லா ஒரு கோடு தெரிஞ்சா கோர்வை. கரையில் அதன் நிறம் மட்டும் சுத்தமா இருக்கும். உடலின் ஊடை நேரா கரைக்குள்ளேயும் ஓடி, கரையின் நிறத்தில் உடலின் நிறம் லேசாக் கலந்து தெரிஞ்சா, அது கோர்வை இல்லை. கோர்வை இல்லாதது மட்டம்னு அர்த்தம் கிடையாது, அதுவும் ஒருத்தரின் உழைப்புதான். ஆனா கோர்வைன்னு சொல்லி விலை வாங்கினா, கோர்வை இருக்கணும்.

அப்புறம், கடையில் 'இது கோர்வையா, எத்தனை பேர் நெஞ்சது, சங்கத்துல நெஞ்சதா, வெளியிலயா'ன்னு கேளுங்க. கடைக்காரருக்குத் தெரியலைன்னாலும் பரவாயில்லை. அடுத்தடுத்து நாலு பேர் கேட்டா தெரிஞ்சு வெச்சுக்குவார். விலை அதிகமாத் தெரிஞ்சா, பேரம் பேசறதுக்கு முன்னாடி இதை ஒரு முறை நினைச்சுக்கங்க. அந்தப் பழைய மலிவு விலைக்குக் காரணம், பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளைக்குக் கொடுக்காத கூலி. அந்தப் பிள்ளை இப்ப பள்ளிக்கூடத்தில் இருக்கு. அந்த இடத்தில் உட்காரும் பெரியவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துத்தான் கோர்வை நிக்கணும்.

உங்க வீட்டில், உறவில் யாராவது தறியில் உட்கார்ந்தவங்க இருந்தா, குறிப்பா சின்ன வயசுல கரைப் பக்கம் நாடா பிடிச்சவங்க இருந்தா, அவங்ககிட்ட பேசிப் பதிவு பண்ணி அனுப்புங்க. பேர் போட வேண்டாம்னா போட மாட்டோம். அடை கட்டத் தெரிஞ்ச பெரியவங்க இருந்தா கட்டாயம் சொல்லுங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.